காதுக்கு என்ன கூலி?

மதுரையில் இடிக்கப்பட்ட ஒரு திரையரங்கின் ஒலிபெருக்கிகளை நண்பர் ஒருவர் பழம்பொருள் வியாபாரியிடமிருந்து வாங்கியிருந்தார். ஆளுயரப் பெட்டிகள் இரண்டு. கீழே பதினைந்து அங்குல ஸ்பீக்கர். மேலே அகன்ற வாயுடன் உலோகக் குழாய். அதன் பின்முனையில் கனத்த காந்தம் கொண்ட யூனிட். பெயர்த்தகடு இல்லை. அமெரிக்காவின் ஆல்டெக் லான்சிங் நிறுவனம் 1940களில் கொண்டுவந்த ‘வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்’ மாதிரியைப் பார்த்துச் செய்தவை என்பது மட்டும் தெரிந்தது. பாட்டுப் போட்டால் குரல் எதிரே வந்து நிற்கிறது. ஆனால் ஜால்ராவும் சலங்கையும் காணாமல் போய்விடுகின்றன. அத்தகைய உச்ச ஒலிகளுக்காக வியாபாரி மேலே பொருத்திக் கொடுத்திருந்த சின்ன ஸ்பீக்கர்கள், அதாவது ட்வீட்டர்கள், இரண்டும் கருகிவிட்டன. “இதுக்கு மாத்து ட்வீட்டர் பாத்துப் போட ஒருத்தர்தான் இருக்கார்” என்று நண்பர் என்னைச் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்கு அழைத்துப் போனார்.

அந்தப் பகுதியில் அவர் எல்லோருக்கும் ‘செட் அண்ணன்’. அறுபதை நெருங்கும் வயது. சிறு வயதில் மைக் செட் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். ஊர்த் திருவிழாக்களுக்குப் போய்க் கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டுவதுதான் முதல் வேலை. “எந்தப் பக்கம் திருப்பினா எந்தத் தெரு வரைக்கும் கேக்கும்னு தெரியணும் தம்பி. எனக்குக் காது பழகுனது அங்கதான்” என்றார். பிறகு திரையரங்கு ஒன்றில் ஆபரேட்டருக்கு உதவியாள். எரிந்த காயில்களை மாற்றவும் கிழிந்த டயாபிரங்களை ஒட்டவும் அங்கேதான் கற்றார். கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளுக்குக் காவல்துறை அனுமதி மறுக்கத் தொடங்கியதும் ஊர்க் குழாய்களின் வேலை வற்றியது. திரையரங்குகளும் ஒவ்வொன்றாக மண்டபங்களாயின. இப்போது பழைய குழாய்ப் பெட்டிகளைத் தேடி வாங்குகிறவர்கள்தான் அவருக்கு வாடிக்கையாளர்கள்.

ஜால்ரா ஏன் கேட்கவில்லை என்று அவரிடம் கேட்டேன். “தியேட்டர் குழாய்க்கு அந்தச் சத்தம் தேவையே இல்ல தம்பி” என்றார். அவர் சொன்னது வரலாறும்கூட. படச்சுருளின் ஓரத்தில் பதிந்த ஒலித்தடத்தில் இரைச்சல் அதிகம். அதை அமுக்குவதற்காக 1938இல் ஹாலிவுட்டின் அகாடமி ஓர் ஒலி வரைமுறை வகுத்தது. அதன்படி 8,000 ஹெர்ட்ஸில் ஒலி சுமார் 18 டெசிபல் தணிந்திருக்கும். பேச்சு கடைசி வரிசை வரை தெளிவாகப் போக வேண்டும்; அதற்கென்று பிறந்தது இந்தக் குழாய். வீட்டில் கச்சேரி கேட்க வேண்டுமானால் அதன் தலைமேல் தனியாக ஒரு ட்வீட்டர் வேண்டும்.

எந்த ட்வீட்டர் என்பதில்தான் அவருடைய வித்தை இருக்கிறது. அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்களின் சக்தி குறைவு. அதைக் கொண்டே அரங்கம் முழுவதும் ஒலிக்கச் செய்ய வேண்டியிருந்ததால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபல் அளவுக்கு முழங்கும்படி குழாய்களைச் செய்தார்கள். வீட்டு ஸ்டீரியோவில் இருக்கும் துணிக் குமிழ் ட்வீட்டர் அதே ஒரு வாட்டுக்குச் சுமார் 90 டெசிபல்தான் தரும். பதினைந்து டெசிபல் வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். அதை ஈடுகட்ட முப்பது மடங்குக்கு மேல் மின்சக்தி வேண்டும். நண்பரின் ட்வீட்டர்கள் கருகியது இதனால்தான். “கத்துறத அடக்கிறலாம். கத்த முடியாததக் கத்த வைக்க முடியாது” என்பது அண்ணனின் முதல் விதி. குழாயைவிட உரக்க ஒலிக்கும் புல்லட் ட்வீட்டரை எடுத்து, ரெசிஸ்டர் போட்டுத் தணிப்பது அவர் வழி. மலிவான பீசோ ட்வீட்டரை வீட்டுக்குப் பரிந்துரைப்பதே இல்லை. சத்தம் வரும், கூடவே ஒரு கிறீச்சும் வரும் என்கிறார்.

இரண்டாவது விதி ஓம்ஸ், அதாவது மின்தடை. தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை எட்டு ஓம்ஸ் ட்வீட்டரோடு சேர்த்தால் சுமார் 9,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அது முழுதாகப் பாடத் தொடங்கும். அதே கெப்பாசிட்டரைப் பதினாறு ஓம்ஸ் ட்வீட்டரில் போட்டால் எல்லை 4,500க்கு இறங்கிவிடும். குழாய் பாடும் இடத்தில் ட்வீட்டரும் புகுந்து பாடும், குரல் கரகரக்கும். கடையில் கேட்டால் இரண்டு ட்வீட்டருக்கும் “ட்வீட்டர் கெப்பாசிட்டர்” என்று ஒரே பொட்டலத்தைத் தருவார்கள்.

மூன்றாவது, இடம். நண்பர் வீட்டுக்கு வந்து பெட்டியின் மேல் ட்வீட்டரை வைத்துவிட்டு, 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் சேரும் பாட்டைப் போட்டார். காதை ட்வீட்டர் வாயருகே வைத்துக்கொண்டார். “இந்தப் பாட்டுல இது சும்மா இருக்கணும். ‘உஸ்’ஸுன்னா தப்பான ட்வீட்டர்.” பழைய ஒலிப்பதிவில் அந்த உயரத்தில் இசை அநேகமாக இல்லை, இரைச்சல்தான் மிச்சம் என்பதை இதைவிட எளிதாகச் சோதிக்க முடியாது. அடுத்து, புதிய கச்சேரிப் பதிவு ஒன்று. கஞ்சிராவின் சலங்கை வந்ததும் ட்வீட்டரைப் பின்னால் தள்ளினார். ஒரு விரற்கடை. ஒலி மங்கியது. இன்னொரு விரற்கடை. சலங்கை பளிச்சென்று கஞ்சிராவோடு ஒட்டிக்கொண்டது. 8,000 ஹெர்ட்ஸில் ஓர் ஒலியலையின் நீளம் நாலேகால் சென்டிமீட்டர். அதில் பாதி நகர்ந்தாலே இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று அழிக்கும். அண்ணன் அந்தக் கணக்கைப் போடவில்லை. விரல் வைத்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்.

இத்தனைக்கும் அவர் கேட்ட கூலி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அந்தப் பெட்டிகளுக்கு நண்பர் கொடுத்திருந்தது ஒன்றரை லட்சம். திரையரங்கை இடித்தவர் அவற்றைப் பழைய இரும்போடும் மரத்தோடும் எடைக்குப் போட்டார். எடைக்கு வாங்கியவரிடமிருந்து வியாபாரி வாங்கி, வார்னிஷ் அடித்து, பொருந்தாத ட்வீட்டரைச் செருகி, ‘அபூர்வப் பொருள்’ என்று விற்றார். அந்த ஒன்றரை லட்சத்தில் ஒலி தெரிந்த எவர் கைக்கும் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அதே வியாபாரி தன்னிடம் வரும் பழுதுகளை அண்ணனிடம் அனுப்பி, அவர் கூலியைப்போலப் பல மடங்கு வாடிக்கையாளரிடம் வசூலிக்கிறாராம். எந்தப் பொருள் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர் பணக்காரராகிறார். எது எதோடு சேரும் என்று தெரிந்தவர் சந்துக்குள்ளேயே இருக்கிறார். இந்த அநியாயம் ஒலிபெருக்கியோடு நிற்பதில்லை. தறி, தச்சு, பஞ்சலோகம் என்று எந்தத் தொழிலைத் தொட்டாலும் தெரிவு செய்யும் கண்ணுக்கும் காதுக்கும் நாம் காசு கொடுப்பதில்லை. பொருளுக்கு மட்டும்தான் கொடுக்கிறோம்.

“பையனுக்குச் சொல்லித் தரலையா அண்ணே?” என்று கேட்டேன். பையன் செல்போன் கடையில் இருக்கிறான். “இதுல என்ன தம்பி கிடைக்கும் அவனுக்கு?” என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வாங்குகிறவர்கள்தாம். பழைய பெட்டி வாங்குகிறவர்கள், விலை பேசும் முன் இப்படி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டும். பார்த்ததற்கே தனிக்கூலி தர வேண்டும். திரையரங்கை இடிக்கிறவர்கள் பழைய இரும்புக்காரருக்கு முன்னால் இவர்களைக் கூப்பிட வேண்டும். நண்பர் அன்று ட்வீட்டர் விலைக்கும் வேலைக்கும் மேலாக, தெரிவு செய்ததற்கென்று தனியாக ஒரு தொகை கொடுத்தார். அண்ணன் முதலில் வாங்க மறுத்தார். அது தானமல்ல, அவர் சம்பாதித்தது என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.