காடியைக் கூப்பிடுகிறார்கள்

தமிழ்ப்பள்ளியில் அது மகிழுந்து. இடைநிலைப்பள்ளியில் கெரேத்தா. பல்கலைக்கழக விரிவுரையில் கார். எங்கள் வீட்டில் மட்டும் என்றைக்கும் காடிதான். ஒரே பொருளுக்கு நான்கு பெயர்களோடு வளர்ந்த தலைமுறை நாம். பெயர் எத்தனை ஆனாலும் பொருள் ஒன்று என்பதால் இதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் எல்லாச் சொற்களும் அப்படி இருந்துவிடுவதில்லை. சில சொற்கள் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு வரும் வழியில் தம் பொருளைத் தொலைத்துவிடுகின்றன. அப்படிப்பட்ட ஒரு சொல்லால் எங்கள் வீடு சில நாட்கள் தூக்கம் இழந்தது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆங்கிலத்தில் அதை ரீகால் என்கிறார்கள். மலாயில் பங்கில் பாலிக். தமிழ் நாளேடுகளில் 'திரும்பப் பெறுதல்'. விற்ற வாகனத்தில் பாதுகாப்புக் குறை இருப்பது பிறகு தெரியவந்தால், நிறுவனம் உரிமையாளர்களை அழைத்து, தன் செலவில் அதைச் சரிசெய்து கொடுக்கிறது. அவ்வளவுதான். வண்டி நம்முடையதாகவே இருக்கும். வேலை முடிந்ததும் நாமே ஓட்டிக்கொண்டு வீடு திரும்பலாம்.

அப்பாவின் காதுக்குச் செய்தி போய்ச் சேர்ந்த விதம் வேறு. கோலகங்சாரிலிருந்து ஈப்போவில் உள்ள ஒரு கிடங்கிற்கு தினமும் வேலைக்குப் போகிறவர் அவர். போர்க்லிப்ட் ஓட்டுகிறார். நாள் சம்பளம். உடன் வேலை செய்யும் ஒருவர், "அண்ணே, உங்க மாடல் காடிய கம்பெனிக்காரன் திரும்ப எடுக்குறானாம், பேப்பர்ல போட்டிருக்கான்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிரவே அப்பா விடுதிக்கு அழைத்தார்.

"பாப்பா, பேங்க் கடன் இன்னும் மூணு வருசம் இருக்கு. காடிய எடுத்துக்கிட்டான்னா கடன யாரு கட்டுறது?"

இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பவர்கள் எங்கள் தாமானில் வாழ்ந்து பார்த்ததில்லை என்றே சொல்வேன். அங்கே 'காடிய எடுத்துக்கிட்டாங்க' என்றால் ஒரே பொருள்தான். தவணை கட்டத் தவறியவரின் வாசலிலிருந்து வங்கியின் ஆட்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதே அது. அந்தக் காட்சியை அப்பா எத்தனை முறை பார்த்திருப்பார்! 'திரும்பப் பெறுதல்' என்ற சொல் அவரிடம் அந்தப் பொருளோடுதான் போய்ச் சேரும்.

சரி, நிறுவனம் கடிதம் அனுப்பவில்லையா? அனுப்பியிருக்கலாம். ஆனால் எங்கள் காடி இரண்டாம் கை. நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் புதிதாக வாங்கியவரின் முகவரிதான். வண்டி கைமாறி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. கடிதத்துக்கு எங்கள் வாசல் தெரியாது. நம்மில் பலருடைய வீடுகளில் நிற்பவை இப்படிப்பட்ட வண்டிகள்தாமே?

காப்புறுதிப் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் சேசிஸ் எண் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 17. நிறுவனத்தின் இணையத்தளத்தில் அதைத் தட்டியதும் பதில் வந்துவிட்டது. எங்கள் வண்டியும் பட்டியலில் இருந்தது. குறை எண்ணெய் பம்ப்பில்.

நான் பொறியியல் படிக்கிறேன். அந்தக் குறையை ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். அப்பா அம்மாவுக்குத் தமிழில் விளக்குவதற்கு ஒரு மாலைப்பொழுதே ஆனது. எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே, பெரும்பாலான வண்டிகளில் பின் இருக்கைக்கு அடியில், ஒரு சிறிய மின் பம்ப் இருக்கிறது. அதனுள் சுழலும் சிறு நெகிழிச் சக்கரம்தான் எண்ணெயை இயந்திரத்துக்குத் தள்ளிவிடுகிறது. எப்போதும் எண்ணெயில் மூழ்கியிருக்கும் அந்தச் சக்கரம் அடர்த்தி குறைந்த நெகிழியால் செய்யப்பட்டிருந்தால், எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். இவ்வளவு சொன்னதும் அம்மா குறுக்கிட்டார்.

"கொண்டக்கடல ஊறி உப்புற மாதிரியா?"

அதேதான். உப்பிய சக்கரம் பம்ப்பின் சுவரில் உராயும். இறுகும். ஒரு நாள் நின்றுவிடும். எண்ணெய் வராத இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும். ஒரே உதிரிபாக நிறுவனம் செய்த இத்தகைய பம்ப்புகளால், 2020 முதல் உலகெங்கும் பல நிறுவனங்களின் வண்டிகள் மில்லியன்கணக்கில் அழைக்கப்பட்டிருக்கின்றன. அம்மாவின் கொண்டைக்கடலைக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

பயம்தான் கூடியது. கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு மெனோரா சுரங்கத்தைத் தெரியும். மலையேற்றம், சுரங்கம், பிறகு ஜெலாப்பாங் வரை இறக்கம். முன்னும் பின்னும் கனரக லோரிகள். அந்த இடத்தில் இயந்திரம் அணைந்தால் பிரேக்கும் இறுகிவிடும், ஒதுங்கி நிற்கவும் வசதி குறைவு. 'நின்றுபோதல்' என்பது காகிதத்தில் சாதுவான சொல். பின்னால் லோரி வரும்போதுதான் அதன் பொருள் தெரியும்.

பழுதுபார்ப்பு நிலையத்துக்கு அழைத்தேன். புதிய பம்ப் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஆறு வாரமும் அப்பா நெடுஞ்சாலையைத் தொடவில்லை. சுங்கை சிப்புட், செம்மோர் வழியாகப் பழைய சாலையிலேயே போய் வந்தார். அதற்காக முக்கால் மணி நேரம் முன்பே எழுந்தார். அவர் கிடங்கிற்குப் போய்ச் சேர்ந்து 'வந்துட்டேன்' என்று குரல் செய்தி அனுப்பும் வரை அம்மா பசியாறியதில்லை.

முறை வந்தபோது இன்னொரு சிக்கல். பம்ப்பும் இலவசம், கூலியும் இலவசம். ஆனால் அதற்காக ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய சம்பளம் போகும். "அடுத்த மாசம் பாத்துக்கலாமா?" என்று அப்பா கேட்டார். மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்கு இலவசமாகத் தெரிவது நாள் சம்பளக்காரர்களுக்கு அப்படி இருப்பதில்லை. "சம்பளம் நாளைக்கும் வரும், நீங்க வரணும்" என்றார் அம்மா. அதற்குமேல் பேச்சில்லை.

அன்று நானும் உடன் போயிருந்தேன். கழற்றிய பம்ப்பைப் பார்க்க முடியுமா என்று அப்பா போமனிடம் கேட்டார். உள்ளங்கையில் அடங்கிவிடும் பொருள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுலயா இருந்துச்சு உசிரு?" என்றார்.

எங்கள் துறையில் பொறியியல் நெறி பற்றிய பாடத்தில் போர்ட் பிந்தோ காரைப் பற்றிப் படித்தோம். 1971ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் வந்த சிறிய கார் அது. எண்ணெய்த் தொட்டி பின் அச்சுக்குப் பின்னால் இருந்ததால், பின்னாலிருந்து மோதும்போது தொட்டி கிழிந்து தீப்பிடிக்கும் அபாயம் இருந்தது. 1978 ஜூன் மாதத்தில்தான் ஏறக்குறைய 1.5 மில்லியன் வண்டிகள் அழைக்கப்பட்டன. செய்த மாற்றம் என்ன தெரியுமா? தொட்டிக்கு ஒரு நெகிழிக் கவசம், எண்ணெய் ஊற்றும் குழாயில் சிறு மேம்பாடு.

அதே நிறுவனம் அரசாங்கத்திடம் அளித்த ஒரு கணக்கும் புகழ்பெற்றது. அது பிந்தோவைப் பற்றியது மட்டும் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் வண்டிகள் உருளும்போது எண்ணெய் கசிவதைப் பற்றி, 12.5 மில்லியன் வாகனங்களுக்குப் போட்ட கணக்கு. வண்டிக்கு 11 டாலர் செலவு. காப்பாற்றப்படும் ஓர் உயிரின் மதிப்பு 2 லட்சம் டாலர். அந்த 2 லட்சமும் அரசு நிறுவனமே வகுத்திருந்த மதிப்பைத் தழுவியதுதான். கூட்டிக் கழித்துப் பார்த்து, செலவு கட்டுப்படியாகாது என்றார்கள். வகுப்பில் இதைக் கேட்டபோது எல்லாரும் கொதித்தோம். எங்கள் வீட்டுச் சமையலறையிலும் ஒரு தட்டில் ஒரு நாள் சம்பளம், மறு தட்டில் அப்பா என்று கணக்கு நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். அங்கே கணக்குப் போட்டவர்களுக்கு அந்த வண்டியில் போகிறவர் முகம் தெரியாது. இங்கே அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. வேறுபாடு அவ்வளவுதான்.

நண்பர்களே, தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மும்மொழியும் கற்று இங்கே வந்திருக்கிறோம். மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குகிறோம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் பங்கில் பாலிக் என்றால் பறித்துக்கொள்வது அல்ல, அழைத்துச் சரிசெய்து தருவது என்று நம் பெற்றோருக்குப் புரியும் தமிழில் யார் சொல்வது? நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? இந்தப் பருவ விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து அந்த 17 இலக்கங்களைச் சரிபாருங்கள். பக்கத்து வீட்டு அங்கிளின் வண்டியையும் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. பட்டியலில் இருந்தால் விடுப்பு எடுக்கச் சொல்லி நச்சரியுங்கள்.

'திரும்பப் பெறுதல்' என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் எது என்று அறிஞர்கள் முடிவு செய்யட்டும். அதுவரை அப்பா சொல்வதையே நானும் சொல்லிக்கொள்கிறேன்: "காடியக் கூப்பிடுறாங்க, போய்ட்டு வந்துரலாம்."