பேர்ப்பலகை

2001 ஜூன் மாசம். தகரப்பெட்டியைத் தலையில வச்சிக்கிட்டு அப்பா முன்னால போனார். கோரைப்பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். ஆறாம் வகுப்பு. விடுதி வாசலில் நீலப்பலகை. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னாடா எழுதியிருக்கு?" என்றார். 'அரசு ஆதிதிராவிடர் நல மாணவர் விடுதி' என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். "நம்ம பேர்லியே கட்டிக் குடுத்திருக்கான் பாரு" என்றார். அவருக்கு அதில் சந்தோஷம்தான்.

எனக்கு அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. உதவித்தொகைப் பட்டியல் எடுக்க வந்த வகுப்பு வாத்தியார், "ஆஸ்டல் பசங்கள்லாம் எந்திரிங்கடா" என்றார். பதினோரு பேர் எழுந்தோம். பேரை எழுதிய பிறகும் உட்காரச் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குப் பேரே 'ஸ்காலர்ஷிப்பு'தான். "டேய் ஸ்காலர்ஷிப்பு, கக்கூஸ்ல தண்ணி ஊத்திட்டு வா." வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை கணக்கு. மற்றவர்கள் கணக்குப் போடுவார்கள், நாங்கள் துடைப்பம் பிடிப்போம். கணக்கில் நான் பின்தங்கியதற்கு மண்டை காரணமில்லை.

விடுதியில் எல்லாருக்கும் ஒரே கூடம், ஒரே குழாய். ஒருத்தனுக்குச் சிரங்கு வந்தால் எல்லாருக்கும் வரும். ஆனால் அங்கே யாரும் எங்களை எழுந்து நிற்கச் சொன்னதில்லை. சமைத்துப் போட்ட ஆயாவுக்கு ஒவ்வொருத்தன் பேரும் தெரியும். அப்படியிருந்தும் நான் வெட்கப்பட்டது அந்த விடுதியை நினைத்துத்தான்.

எட்டாம் வகுப்பில் ஊர்த்தெருப் பையன் ஒருவன் சிநேகமானான். மாமா வீட்டில் தங்கிப் படிப்பதாக அவனிடம் சொல்லியிருந்தேன். சாயங்காலம் அவனோடு நடந்து, விடுதி வாசலில் நிற்காமல் ஏரிக்கரை வரைக்கும் போய், அவன் தலை மறைந்ததும் திரும்பி வருவேன். ஒரு வருஷத்துக்கு மேல் இந்தப் பொய்யிலேயே நடந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் தமிழய்யா 'என் வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னார். மாமாவின் ஓட்டு வீடு, திண்ணை, வேப்பமரம் என்று அளந்துவிட்டேன். "நடை நன்று. இது யார் வீடு?" என்று சிவப்பு மையில் எழுதித் தந்தார். சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ வாசலைத் தாண்டிப் போறத சைக்கிள்ல போறப்போ பாத்திருக்கேன். நானும் ஆஸ்டல் சோறு தின்னவன்தான்டா. சர்க்கார் நம்மள பறையன், பஞ்சமன்னு எழுதிட்டிருந்திச்சி. ஆதிதிராவிடர்னு மாத்தி எழுதணும்னு எம்.சி.ராஜா சட்டசபையில தீர்மானம் கொண்டாந்தாரு. 1922ல அரசாணை வந்திச்சி. பிச்சையா வந்த பேரு இல்ல, கேட்டு வாங்கின பேரு. அதையா தாண்டிப் போற?"

மறுநாள் சிநேகிதனோடு வந்து வாசலில் நின்றேன். "நான் இங்கதான்டா இருக்கேன்" என்றேன். "எப்பவோ தெரியும். உன்ன எங்க வீட்டுக்குக் கூப்பிட முடியாதில்ல, அதான் நானும் கேக்கல" என்றான். இரண்டு பேருமே மறைத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறோம். அன்று ராத்திரி கட்டுரையைத் திருப்பி எழுதினேன். கூடம், குழாய், சிரங்கு, ஆயா. நான் எழுதிய முதல் எழுத்து அதுதான்.

2025 ஜூலையில், அரசின் எல்லாத்துறை மாணவர் விடுதிகளுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று ஒரே பேர் வைப்பதாக அரசு அறிவித்தது. இனி எந்தப் பிள்ளையும் வாசலைத் தாண்டி ஏரிக்கரைக்குப் போக வேண்டாம் என்றால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தோழர்களே, எங்களை எழுந்து நிற்க வைத்தது பலகை அல்ல. பலகை இல்லாத வகுப்பறையில்தான் அது நடந்தது. கூசவேண்டியவர்கள் கூசாமல், கேட்டு வாங்கிய பேர் மட்டும் இறங்குகிறதே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அதற்கப்புறம் ஒருநாள் அந்த விடுதிக்குப் போயிருந்தேன். "பள்ளிக்கூடத்துல உங்கள எப்படிக் கூப்புடுறாங்க?" என்று பிள்ளைகளைக் கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "காலனி ஆஸ்டல்னுதாண்ணே" என்றான் ஒருவன், மெதுவாக.

உட்கார வைத்து, 1922 கதையை அவர்களுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.