தங்கவயலில் ஒரு சனிக்கிழமை

காலை

பெங்களூருக்குப் பிழைக்க வந்தபின், கோலார் தங்கவயலுக்குப் போகவேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்ததுண்டு. இன்றுதான் வாய்த்தது. மாரிக்குப்பம் ரயிலில் டிக்கெட் ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. எதிரே வந்த வண்டிகளில் படிக்கட்டுவரை ஆட்கள். எங்கள் பெட்டியிலோ காலை நீட்டி உட்கார இடம். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கத்தை மூடியபிறகு அந்த ஊர் சனங்களுக்குச் சோறு போடுவது இந்த ரயில்தான். விடியுமுன் பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பி, இருட்டியபிறகு வீடு திரும்புகிறார்கள்.

பங்காருப்பேட்டையில் பாதை பிரிகிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று ஸ்டேஷன்கள் வரிசையாக வருகின்றன. சுரங்கத்துக்காகவே 1894-இல் போட்ட பாதை இது.

பகல்

ஊருக்குள் எங்கே திரும்பினாலும் சைனைடு மேடு தெரிகிறது. சைனைடு கொண்டு பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கல்மாவு, பல பத்தாண்டுகளாகக் குவிந்து குன்றாகிவிட்டது. மழைத் தண்ணீர் ஓடியோடி மேலிருந்து கீழ்வரை பள்ளம் பள்ளமாக அரித்திருக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன்; முகப்பவுடர்போல விரல் ரேகைக்குள் இறங்கிவிட்டது. கோடைக் காற்றில் இதுதான் வீட்டுக்குள் பறந்து வந்து சோற்றில் விழுகிறது. 2018-இல் வந்த கேஜிஎஃப் படத்தைப் பார்த்துவிட்டு இந்த மேட்டைத் தேடி வருகிறவர்கள், பக்கத்திலுள்ள தொழிலாளர் லைன் வீடுகளையும் ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும்.

1880-இல் தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வருமுன்பே சுரங்கத்துக்கு வந்துவிட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்க் கல்லை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கத்துத் தமிழர்கள். சொந்த ஊரில் பண்ணையாட்களாக நெல்லைக் கூலியாக வாங்கிக்கொண்டிருந்த ஒடுக்கப்பட்ட சாதியார் இங்கே முதல்முறையாகக் கையில் காசைப் பார்த்தார்கள். அந்தக் காசில் சங்கம் வைத்தார்கள், பள்ளி நடத்தினார்கள். சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்தம் வலுவாக வேரூன்றிய இடங்களில் இந்த ஊரும் ஒன்று. அவர் 1907-இல் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகை நின்றுபோன பிறகு, 1926-இல் தமிழ்ப் பௌத்தரான அப்பாத்துரையார் அதை இங்கிருந்துதான் மறுபடியும் நடத்தினார். சாம்பியன் ரீஃப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை வெளியிட்டது. தங்கவயலென்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் புத்தகசாலைதான்.

மாலை

ஒற்றையறை லைன் வீட்டு வாசலில் ஒரு பெரியவர். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தண்ணீர் கேட்டேன், டீயே வந்தது.

“சுரங்கத்துக்குள்ளே ரொம்பச் சூடாங்க ஐயா?”

“கல்லுமேல கை வைக்க முடியாது தம்பி. அடியில பாறை வெடிச்சா இங்க அடுப்புமேல சட்டி ஆடும். பொம்பளைங்க அப்படியே போட்டுட்டு ஷாஃப்ட் பக்கம் ஓடுவாங்க.”

மூச்சு இரைத்தது அவருக்கு. சற்று நிறுத்தித்தான் பேசினார். ‘தமிழன்’ பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“எங்கப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து குளிச்சிட்டு, ராந்தல் வெளிச்சத்துல பத்துப் பேரோட உக்காந்து கேப்பாராம்.”

“படிச்சுக் காட்டினது யாருங்க?”

“வாத்தியாருன்னு நெனச்சியா? அவரும் அதே ஷிஃப்ட்ல வண்டி தள்ளினவர்தான்.”