பிரமாணிக்கச் சந்தில் ஒரு மாலை

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். பெல்ஜியம் நாட்டின் லூவேன் நகரில் மேற்படிப்புப் பயிலும் நம் மறைமாவட்டக் குரு ஒருவரின் விருந்தினனாக நான் அப்போது அங்கே தங்கியிருந்தேன். காலையில் இருவருமாக மெழுகுதிரிகளை மந்திரித்துத் திருப்பலி நிறைவேற்றினோம். அத்திருநாளில் நம் தோசையைப் போன்று மெல்லியதாக, ஆனால் இனிப்பாக, ஒரு பலகாரம் சுட்டு உண்பது அந்நாட்டு வழக்கம். அடுத்த வீட்டு மூதாட்டி ஒருவர் எங்களுக்கும் ஒரு தட்டு அனுப்பியிருந்தார்.

அன்று மாலையே தலைநகரான பிரஸ்ஸல்ஸில் ஒரு மதுக்கடை வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன். வாசகர்கள் முகம் சுளிக்குமுன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பெங்களூரில் கணினி மென்பொருள் பொறியாளராக இருக்கிறார். அவரை அவருடைய நிறுவனம் அந்த வாரம் பிரஸ்ஸல்ஸில் கூடிய தொழில்நுட்ப மாநாடு ஒன்றுக்கு அனுப்பியிருந்தது. நானும் அதே நாட்டுக்குப் போகிறேன் என்று கேள்விப்பட்ட அவருடைய தாயார் நான் புறப்படுவதற்கு முந்தின நாள் பங்கு இல்லத்துக்கு வந்தார். "சாமி, அவன ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. அந்த ஊர்ல தண்ணிக்குப் பதிலா பீருதான் குடிப்பாங்களாமே?" என்றார். அந்தத் தாய் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவருடைய கணவர் விசைப்படகு எஞ்சின் பழுது பார்ப்பதில் கைதேர்ந்தவர். 46 வயதில் குடியினால் இறந்தார். அவருக்கு நோயில் பூசுதல் கொடுத்தவன் நான். மகன் அப்போது பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான்.

மாநாட்டின் பெயர் ஃபாஸ்டெம். கட்டற்ற மென்பொருள் எனப்படும் துறையைச் சார்ந்தவர்களின் ஐரோப்பியக் கூடுகை அது. எழுதிய நிரலை மூடி வைக்காமல், யாரும் படிக்கலாம், திருத்தலாம், எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கே திறந்து வைப்பவர்கள் இவர்கள். நம்மில் பெரும்பாலோர் சட்டைப் பையில் வைத்திருக்கும் ஆண்டிராய்டு கைபேசியின் அடித்தளமும் இவ்வாறு பலர் கூடி எழுதியதே. 2000ஆம் ஆண்டில் வேறொரு பெயரில் தொடங்கப்பெற்ற இம்மாநாட்டுக்கு இன்று ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. சொற்பொழிவுகள் சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்கள். ஆனால் கூடுகை தொடங்குவதோ வெள்ளிக்கிழமை மாலையில், மதுக்கடையில். பல ஆண்டுகளாக அது அப்படித்தான்.

பிரஸ்ஸல்ஸ் நகரின் நடுநாயகமாக விளங்குவது 'கிராண்ட் பிளாஸ்' என்னும் பெருஞ்சதுக்கம். பொன்முலாம் பூசிய முகப்புகளோடு தொழிற்சங்க மாளிகைகள் சூழ நிற்கின்றன. அவற்றுள் ஒன்று பீர் வடிப்போர் சங்கத்தின் மாளிகை. நம் ஊரில் மது வடிப்பவனைக் காவல்துறை தேடும். அங்கே அவனுக்கு அரசர்கள் உலவிய சதுக்கத்தில் மாளிகை. ஆண்டுதோறும் செப்டம்பரில் பீர் வடிப்போர் தங்கள் பாதுகாவலரான புனித அர்னால்டை முன்னிட்டு புனித மிக்கேல் - குதுலா பேராலயத்தில் கூடி வழிபடுவதும் உண்டு. கொள்ளைநோய்க் காலத்தில் கிணற்று நீரை விட்டுவிட்டு பீரைக் குடிக்கும்படி அவர் மக்களுக்குச் சொன்னார் என்பது செவிவழி வரலாறு. காய்ச்சிய பானத்தில் கிருமி இல்லை என்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

சதுக்கத்திலிருந்து சிறிது தொலைவு நடந்தால் உணவு விடுதிகள் நெருங்கிய ஒரு குறுகிய தெரு. அதிலிருந்து பிரிகிறது ஒரு முட்டுச்சந்து. அதன் பெயர்ப்பலகையைப் படித்தவுடன் நின்றுவிட்டேன். 'அம்பாஸ் த லா ஃபிதெலித்தே'. தமிழில் சொல்வதானால் பிரமாணிக்கச் சந்து. திருமண மேடையில் ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் வாக்களிக்கிறார்களே, அதே பிரமாணிக்கம். அந்தச் சந்து முழுவதும் மதுக்கடைகள்.

நடுவே பெரிய கடையின் பெயர் 'டெலிரியம் கஃபே'. வாசலுக்கு மேல் ஓர் இளஞ்சிவப்பு யானை. 2004ஆம் ஆண்டில் ஒரே கடையில் 2,004 வகை பீர் சுவைக்கக் கிடைத்தமைக்காகக் கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்ற கடை இது. யானைச் சின்னம் பொறித்த பீரின் பெயர் 'டெலிரியம் ட்ரெமென்ஸ்'; மதுச்சத்து 8.5 விழுக்காடு. அளவுக்கு மீறிக் குடித்தவன் கண்ணுக்கு இளஞ்சிவப்பு யானை தெரியும் என்பது மேல்நாட்டார் வேடிக்கைப் பேச்சு. அதுதான் யானைக்கு விளக்கம்.

ஆனால் அந்தப் பெயர் நோயின் பெயர். பல்லாண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாள்களில் உடல் நடுங்கும், வியர்த்துக் கொட்டும், காய்ச்சல் ஏறும், இல்லாதவை கண்ணுக்குத் தெரியும். மருத்துவம் கிடைக்காவிடில் உயிரும் போகலாம். அந்த எஞ்சின்காரரை நான் மருத்துவமனையில் கண்டபோது அவர் கைகள் இரண்டையும் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். யானை ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. "சாமி, நண்டு ஏறுது, நண்டு ஏறுது, தட்டிவிடுங்க" என்று போர்வையைப் பார்த்துக் கதறினார். நான் போர்வையைத் தட்டிவிட்டேன். வேறென்ன செய்வது? அவருடைய மகன் கட்டிலின் கால்மாட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதே மகன்தான் இப்போது அந்த யானையின் கீழே நின்று எனக்குக் கையசைத்தார். பலகையில் எழுதியிருந்தது என்னவென்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "படிச்சீங்களா, ஃபாதர்?" என்று மட்டும் கேட்டார். "படித்தேன், தம்பி" என்றேன்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. சந்தெங்கும் நூற்றுக்கணக்கானோர் தோளோடு தோள் உரச நின்றார்கள். தூறலையும் குளிரையும் யாரும் பொருட்படுத்தவில்லை. நான் எதிர்பார்த்துப் போனது வெறியும் கூச்சலும். கண்டது வேறு. ஐம்பது வயது மனிதர் ஒருவர் இருபது வயதுப் பையனிடம் கைகட்டிப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். கடித வழியாகப் பத்தாண்டுகள் சண்டையிட்ட இருவர் முதன்முறையாக முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டார்களாம். இளைஞர்தாம் எனக்குக் காட்டினார். என் கழுத்துப்பட்டையைப் பார்த்துவிட்டு ஒருவர், "தங்களுடையது எந்த மடம்? அங்கே என்ன பீர் வடிக்கிறீர்கள்?" என்று மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். நான் பங்குக்குரு என்றறிந்ததும் அவருக்குச் சற்று ஏமாற்றம்.

இளைஞர் அங்கு வந்தது ஒருவரைச் சந்திப்பதற்காக. மூன்றாண்டுகளாக அவர் ஒரு நிரல்தொகுப்புக்குத் தம் ஓய்வு நேரத்தில் திருத்தங்கள் எழுதி அனுப்பி வருகிறார். அதன் பொறுப்பாளர் வட ஐரோப்பியர். கடிதங்களில் சுருக்கமாகவும் கொஞ்சம் கடுமையாகவும் எழுதுபவர். "பேச்சுகளையெல்லாம் படம் பிடிச்சுப் போட்டுடுவாங்க, ஃபாதர். வீட்டுல இருந்தே பாக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்த வீட்டுல இருந்து பாக்க முடியாது" என்றார். எட்டு மணி அளவில் அந்த மனிதரைக் கண்டுபிடித்தார். கையில் தண்ணீர்ப் புட்டியோடு போய்த் தம் பெயரைச் சொன்னார். அந்த நெடிய மனிதர் தம் கோப்பையைச் சன்னல் திண்டில் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் இவர் கையைப் பற்றிக்கொண்டார். அரைமணி நேரம் பேசினார்கள். இவர் கையில் இருந்தது தண்ணீரா பீரா என்று அவர் பார்க்கவே இல்லை.

பார்த்தவர்கள் நம்மவர்கள். அதே நிறுவனத்திலிருந்து வந்த ஐந்தாறு பேர் சுவரோரமாக நின்றிருந்தனர். "ஒரு வாய்தானே", "இந்த ஊருக்கு வந்துட்டு தண்ணியா?", "மேலதிகாரி வாங்கித் தர்றப்ப வேண்டாம்னு சொல்லலாமா?" இப்படி ஒருவர் மாற்றி ஒருவர். அவர்கள் தீயவர்கள் அல்லர். அன்பினால் வற்புறுத்துவதாகத்தான் அவர்கள் எண்ணம். நம் திருமண வீடுகளில் வயிறு நிறைந்தவன் இலையில் மேலும் ஒரு கரண்டி சோற்றைப் போடுகிறோமே, அந்தப் பழக்கம் கோப்பைக்கும் வந்துவிட்டது போலும். இளைஞர் மருந்து உட்கொள்வதாகச் சொன்னார். விட்டுவிட்டார்கள்.

இரயில் நிலையத்துக்கு என்னோடு நடந்து வரும்போது கேட்டார்: "மருந்து சாப்பிடுறேன்னு சொன்னேன். பொய்தானே, ஃபாதர்?"

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எங்கப்பாவப் பத்திப் பேசுவாங்க. அடுத்த வருஷமும் பேசுவாங்க."

"காரணம் எதற்கு? 'வேண்டாம்' என்று மட்டும் சொல், தம்பி. காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை."

"வெறும் 'வேண்டாம்'க்கு நம்ம ஆளுங்க விடமாட்டாங்க, ஃபாதர்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்லொழுக்க இயலை நான்கு ஆண்டுகள் குருமடத்தில் படித்தவன் நான்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டு நாள்களுக்கு முன்புதான் நாங்கள் வெஸ்ட்மாலே மடத்துக்குப் போய் வந்தோம். 1794இல் நிறுவப்பெற்ற அந்த டிராப்பிஸ்ட் மடத்தில் 1836 முதல் துறவிகள் பீர் வடிக்கிறார்கள். மடத்தின் மதிலுக்குள் வடிக்கவேண்டும், துறவிகள் மேற்பார்வை வேண்டும், ஆதாயம் மடத்தின் பிழைப்புக்கும் அறப்பணிக்குமே போகவேண்டும் என்பன டிராப்பிஸ்ட் முத்திரைக்கு உரிய நிபந்தனைகள். மடத்துக்கு எதிரே உள்ள விடுதியில் அமர்ந்து, செம்பழுப்பு நிறமான அந்த பீரில் ஒரு கோப்பை நானும் அருந்தினேன். நன்றாகவே இருந்தது. மனம் உறுத்தவும் இல்லை. புனித ஆசீர்வாதப்பர் தம் சபை ஒழுங்கின் 40ஆம் அதிகாரத்தில் துறவிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு திராட்சை இரசம் என்று அளந்தே கொடுத்திருக்கிறார். அளவு தெரிந்தவனுக்கு அளவு. ஆனால் அன்றிரவு அந்த இளைஞர் பக்கத்தில் நடந்தபோது, என் ஒரு கோப்பையைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆக, பொய் சொன்னவர் அவர், மறைத்தவன் நான்.

சனிக்கிழமை 71ஆம் எண் பேருந்தில் மாநாடு நடக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனேன். பிரஸ்ஸல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகம் 1834இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு எதிரிடையாகச் சுதந்திரச் சிந்தனையாளர் நிறுவியது. அங்கே அங்கியின் அடையாளத்தோடு நுழையச் சிறிது தயக்கமாகத்தான் இருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஏறத்தாழ 1,400 பேர் அமரக்கூடிய பெருமன்றம் முதல் சிறு வகுப்பறைகள் வரை எங்கும் கூட்டம். அறை நிரம்பினால் கதவில் 'இடமில்லை' என்று தாள் ஒட்டிவிடுகிறார்கள். எத்தனை பெரியவராயினும் வெளியேதான். பேசப்பட்டவற்றில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடைபாதைகளில்தான் பாதி மாநாடு நடந்தது. காப்பிக் கோப்பையோடும் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தோடும் நின்று பேசியவர்களிடம் முந்தின இரவின் அதே சிநேகம் இருந்தது. கோப்பையில் இருந்ததால் வந்த சிநேகம் அன்று அது என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஆயினும் வெள்ளிக்கிழமை மாலை இல்லாதிருந்தால் இந்தச் சனிக்கிழமை வந்திருக்குமா என்றும் தோன்றியது. இரண்டையும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு பிற்பகல் இளைஞர் லூவேன் வந்தார். புனித அந்தோனியார் சிற்றாலயத்தின் நிலவறையில், 1936இல் மொலோக்காய்த் தீவிலிருந்து கொண்டுவந்து அடக்கம் செய்யப்பட்ட புனித தமியானின் கல்லறைக்கு அழைத்துச் சென்றேன். வேண்டிவிட்டு மேலே வந்தபோதுதான் சொன்னார். சனிக்கிழமை இரவு அவருடைய குழுவினர் மட்டும் ஒரு விடுதியில் கூடினார்களாம். வரும் ஆண்டில் யார் எந்தப் பணியை எடுப்பது என்று அங்கேதான் மேலதிகாரி பேசி முடித்தாராம். இவர் கேட்டிருந்த பணி வேறொருவருக்குப் போயிற்று. "நீ மருந்து சாப்பிடுறேன்னு சொன்னியே, அதான் கூப்பிடல" என்றார்களாம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை நேரத்தில் முடிக்கவேண்டியதைக் கோப்பை மேசையில் முடித்தால், கோப்பை எடுக்காதவன் வேலையிலும் பாதி ஆளாகிவிடுகிறான். பெண் பொறியாளர்கள் பலருக்கும் இதே நிலைதான் என்று அவரே சொன்னார். இரவு பத்து மணிக்கு மேல் ஆண்கள் கூட்டத்தோடு மதுக்கடையில் நிற்க நம் வீட்டுப் பெண்களில் யார் துணிவர்?

வட ஐரோப்பியரிடமிருந்து மாத இறுதிக்குள் கடிதம் வந்ததாம். அந்த நிரல்தொகுப்பில் பிறர் அனுப்பும் திருத்தங்களைச் சரிபார்த்து ஏற்கும் பொறுப்பை அவர் இவருக்கும் பகிர்ந்தளித்திருக்கிறார். அதற்குச் சம்பளம் கிடையாது.

நான் ஊர் திரும்பிய மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் தாயார் சக்ரீஸ்து வாசலில் காத்திருந்தார். "ரொம்பக் குளிரா, சாமி? சுவெட்டர் போட்டிருந்தானா?" என்று கேட்டார். போட்டிருந்தார் என்றேன். பிறகு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "குடிச்சானா?" என்றார்.

"இல்லம்மா. நான் கூடவே நின்னேன். தண்ணி மட்டும்தான்."

அவர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். அது எந்தக் கடை, அதன் வாசலில் என்ன பெயர் எழுதியிருந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.