மாவுக்கட்டும் பால்வெட்டும்

வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தை எழுந்து நடந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் 'அதிசயம்' என்ற சொல்லும் கூடவே வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இருக்கும் இந்தக் குறை கைவேலையால் சரியாகிறது. அந்த வேலைக்கு ஆள் வேண்டும், நாள் வேண்டும். கீரிப்பாறை போன்ற மலையோர ஊரில் அந்த நாட்களின் விலையைக் கொடுப்பது, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போகும் தாய்.

இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறையை அமெரிக்காவின் அயோவாவில் உருவாக்கிய இக்னேசியோ பொன்செட்டி, ஸ்பெயினில் கடிகாரம் பழுதுபார்த்தவரின் மகன். 1963-இல் தம் சிகிச்சையின் பலனை வெளியிட்ட பிறகும், பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் அறுவைச் சிகிச்சையைத்தான் நம்பியது. அவர் முறையில் கட்டைவிரலைக் கணுக்காலுக்கு முன்னால் துருத்தி நிற்கும் எலும்பின்மேல் ஊன்றிக்கொண்டு, மற்ற விரல்களால் பாதத்தின் முன்பகுதியை மெல்ல வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். குதிகாலைப் பிடித்து இழுக்கவே கூடாது. பாதம் திரும்பினால் அது தானாக வழிக்கு வரும். ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவும்போது கத்தி உள்மரத்தைத் தொட்டுவிடாமல் காப்பதைப் போன்ற பக்குவம் இது. திருப்பிய நிலையிலேயே விரல் நுனி தெரிய, தொடைவரை மாவுக்கட்டு. வாரம் ஒருமுறை அதைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு. இப்படி ஐந்தாறு கட்டுகள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாரில் சிறு வெட்டு ஒன்றும், அதன்பின் மூன்று வாரக் கட்டும் தேவைப்படும்.

செய்தி இங்கே முடிந்துவிடுகிறது. வீட்டில் வேலை இப்போதுதான் தொடங்குகிறது. ஒரு கம்பியில் பொருத்திய இரட்டைக் காலணியை மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நாலு வயதுவரை தூங்கும்போதும் மாட்ட வேண்டும். விட்டால் பாதம் பழையபடி வளையும். குறை திரும்புவதற்கு முதல் காரணமே காலணி போடாமல் விடுவதுதான்.

கீரிப்பாறையில் வேலை நடக்கும் நேரத்தைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியுமுன்னே வெட்டத் தொடங்குகிறார்கள். பிறகு சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து முடிக்க முற்பகல் கழிந்துவிடும். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவும் அதே முற்பகலில்தான் இயங்குகிறது. மலையிறங்கி நாகர்கோவில் போய்த் திரும்பினால் அன்றைய வெட்டு போயிற்று. தனியார் சிறு தோட்டங்களில் வெட்டுபவர்களுக்கு வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. மழை பறித்த நாட்கள் போக மிஞ்சும் நாட்களிலிருந்துதான் கட்டு மாற்றும் நாளையும் கழிக்க வேண்டும்.

சிகிச்சை இலவசம்தானே என்பார்கள். உண்மை, 2013-இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டம் பிறவிக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்புகிறது. நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இலவசக் கட்டு, இழந்த கூலியை ஈடு செய்யாது. ஒரே பெரிய அறுவைச் சிகிச்சையில் முடித்துவிட்டால் ஏழைக்கு அலைச்சல் மிச்சம் என்ற வாதமும் உண்டு. அப்படிச் செய்த பாதங்கள் பல, வளர்ந்தபின் விறைத்து வலிக்கின்றன. நின்று உழைக்க வேண்டியவர்களுக்கே வலிக்கும் பாதத்தைக் கொடுப்பது என்ன சிக்கனம்? என்னை உறுத்துவது மூன்றாவது பேச்சு: 'தாயின் அலட்சியம்.' தூங்கும் பிள்ளைக்குக் காலணி மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இருட்டில் வேலைக்குக் கிளம்பும் பெண்ணின்மேல் இந்தச் சொல்லை எறிய யாருக்கு மனம் வரும்?

கட்டுப்போடும் காலத்துக்காவது தாய்க்கோ தகப்பனுக்கோ நாள்கூலி தர வேண்டும்; பேருந்துச் செலவையும் சேர்த்துத் தர வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. வருகிறவர்கள் காலணியின் அளவையும் பார்க்கலாமே. பிள்ளையின் பாதம் வளர வளரப் புதுக் காலணி வேண்டும். அது மலையேறி வரட்டும், பால்வெட்டு முடிந்த பிற்பகலில்.