பாலையும் நெய்தலும் கூடும் கரை

பொருளிலக்கணம் வகுத்த நம் முன்னோர் பாலைக்குப் பிரிவையும் நெய்தலுக்கு இரங்கலையும் உரிப்பொருளாக வைத்தனர். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்த கரை ஒன்று நம் நாட்டில் உண்டெனின், அது மன்னார்க் கரையே.

ஊவாவின் தேயிலைச் சரிவுகளில் மழையும் மூடுபனியும் கண்டு பழகிய நமக்கு, அந்நிலம் அயலானது போலத் தோன்றும். ஆயினும் நம் குடும்பக் கதைகளில் அது இருமுறை இடம்பெறுகின்றது. 19ஆம் நூற்றாண்டில் நம் பாட்டன் பூட்டன்மார் படகிலே வந்திறங்கி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே கால்நடையாக வந்தனர். கொள்ளை நோயாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் பலர். பின்னர், 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் எழுந்த சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கியது. மலைநாட்டிலிருந்து அவர்களைத் தலைமன்னார்த் துறைக்கு ஏற்றிச் சென்ற வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தோருட் சிலர் ஒரு தவணை முடிந்து மறுதவணைக்கு வரவில்லை. அவர்கள் இறுதியாகக் கண்ட இலங்கை மண் அம்மணற்கரைதான்.

ஆதலின் மன்னார் என்றால் வெறுமை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் சென்ற ஓராண்டில்தான் அதன் வளம் நம் கண்ணுக்குப் புலப்பட்டது. மன்னார்த் தீவுக்குச் செல்லும் நெடுவீதியின் இருமருங்கும் உவர்நீர்ப் பரப்பு; அதிலே பூநாரைகள் கூட்டங் கூட்டமாக நின்று, அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரிற் செலுத்தி நுண்ணிய உயிர்களை வடித்துண்டன. வடதிசைக் குளிரை நீங்கி வரும் வாத்தினங்களும் அங்கே தங்குகின்றன. 2008இல் சரணாலயமாக்கப்பட்ட வங்காலை, 2010இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவமுடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

வடக்கே விடத்தல்தீவில் கண்டற் காடுகள் உள்ளன. அவற்றின் வேர்களிடையே இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அடுத்த கடலின் புற்றரையை மேய்வது ஆவுளியா எனும் கடற்பசு. மேற்கே இராமர் அணையின் மணற்றிட்டுகளில் ஆலாக்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. நம் தோழர் ஏறிய கப்பல் அத்திட்டுகளை அடுத்தே சென்றது. ஆனால் கண்ணீர் மறைத்த கண்ணுக்குப் பறவை தெரிந்திராது.

கண்டல் மரங்களுட் சிலவற்றின் விதை தாய்மரத்திலேயே முளைத்து நீண்டு, அதன் பின்னரே வீழ்கின்றது. அடியிலுள்ள சேற்றிற் குத்தி நிற்பதும் உண்டு. மிதந்து சென்று வேறு கரையில் வேரூன்றுவதும் உண்டு. நீலகிரியில் ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் பெயரோடு மீண்டும் தேயிலைக் கொழுந்தே கிள்ளியவர்களை இதனைக் கண்டபோது நினைந்தோம்.

விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கமாக்கப்பட்டது. 2024இலோ, அதன் ஒரு பகுதியை நீர்வாழுயிர் வளர்ப்புக்கென விடுவிக்கும் வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. இயற்கை ஆர்வலர் வழக்குத் தொடுக்க, உயர் நீதிமன்றம் அதனை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. வெறுநிலம் என்று கருதப்படுவது எளிதிற் கைமாறும். மக்களைக் கேளாமல் எண்ணிப் பங்கிட்டதன் வடு நம்மிடம் உண்டு. உயிர் நிறைந்த கரையொன்றை வெற்று ஹெக்டயர்க் கணக்காகக் காணும் ஏட்டை, பிறரினும் நாமே முதலில் ஐயுற வேண்டியவர்.

நம் கல்லூரி மாணவர் ஆண்டுச் சுற்றுலாவுக்கு இனி ஒருமுறையேனும் மன்னாரைத் தெரிந்துகொள்வார்களாக. மாரி முடிந்த தை, மாசி மாதங்களிற் செல்க. கண்டற் காட்டையும் காண்க, பழைய இறங்குதுறையையும் காண்க. முன்னோர் அஞ்சிக் கடந்ததும் தோழர் அழுது நீங்கியதுமான அக்கரையை, நம் இளைஞரேனும் அமைதியாக நின்று அறிந்து கொள்ளட்டும்.