முள் ஏன் எழுந்திருக்கவில்லை?

பழைய காரில் சி.பி. பாயின்ட்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆகும். பாயின்ட் இடைவெளி பார்க்கிற வேலையும் மிச்சம். ஆனால் சில வண்டிகளில் அன்றைக்கே ஆர்.பி.எம். மீட்டர் படுத்துவிடும். உடனே மீட்டர் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாவம், பல நேரம் அதன் மேல் தப்பே இருக்காது.

இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒரு அறுபதுகளின் எம்.ஜி.பி. வைத்திருக்கிறார் (1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் தயாரான வண்டி, நாலு சிலிண்டர், 1798 சி.சி.). எழுபதைத் தாண்டியவர், காது மந்தம். எஞ்சின் சத்தம் கேட்டு கியர் மாற்றிய காலம் போய், இப்போது அந்த முள்ளைப் பார்த்துத்தான் மாற்றுகிறார். முள் செத்ததும் வண்டியை வெளியே எடுப்பதையே நிறுத்திவிட்டார். "உள்ளே இருப்பதைப் பிடுங்கிவிட்டுப் புது சர்க்யூட் போடுங்கள்" என்று யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். அப்படியும் செய்கிறார்கள்தான். எனக்கென்னவோ காரணம் தெரியாமல் கத்தி வைப்பது பிடிக்கவில்லை.

முதலில் டயலின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் பார்க்க வேண்டும். ஸ்மித்ஸ் மீட்டரில் ஆர்.வி.சி. என்றிருந்தால் அது காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து வரும் வோல்டேஜ் துடிப்பை எண்ணும். ஆர்.வி.ஐ. என்றால் கதையே வேறு. இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகிற வெள்ளை வயர், வழியில் மீட்டரின் முதுகிலுள்ள ஒரு இரும்புத் துண்டைச் சுற்றிவிட்டுப் போகும். அதில் கரண்ட் விட்டுவிட்டு ஓடுவதைத்தான் மீட்டர் எண்ணுகிறது. 3000 ஆர்.பி.எம்.மில் டிஸ்ட்ரிபியூட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்று, சுற்றுக்கு நாலு பொறி. ஆக நொடிக்கு 100 துடிப்பு.

இவருடையது ஆர்.வி.ஐ. மீட்டருக்கு 12 வோல்ட் வருகிறது, எர்த்தும் சரி. அப்புறம் எஞ்சின் ஓடும்போதே மீட்டருக்குப் பின்னாலிருந்த வெள்ளை வயரைப் பிடுங்கினேன் (நுனி பாடியில் படாமல்). எஞ்சின் நின்றிருக்க வேண்டுமல்லவா? நிற்கவில்லை! ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான், விஷயம் பிடிபட்டது. கிட் பொருத்தியவர்கள் ஃப்யூஸ் பெட்டியிலிருந்து புது வயர் ஒன்றை இழுத்து மாட்யூலுக்கும் காயிலுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பழைய வெள்ளை வயரின் நுனியில் டேப் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். மீட்டரைச் சுற்றும் வழியில் கரண்டே இல்லை. எதை எண்ணும்?

வெள்ளை வயரை மறுபடி காயில் பாசிட்டிவில் மாட்டி, புது வயரை மாட்யூலுக்கு மட்டும் விட்டேன். முள் எழுந்தது. ஆனால் 4000-ஐத் தாண்டினால் துள்ளல். வேகம் கூடக்கூட காயிலில் கரண்ட் முழுசாக ஏற நேரம் போதாது. துடிப்பு மெலியும், மீட்டர் சிலதைத் தவறவிடும். அதனால் அந்த இரும்பில் வெள்ளை வயரை அதே திசையில் இன்னொரு சுற்று சுற்றினோம் (திசை மாறினால் காரியம் கெட்டது). பிறகு 5000 வரை நடுக்கமில்லாமல் ஏறியது.

அடுத்து பானெட்டைத் திறப்பவருக்காக, புது வயரில் ஒரு துண்டு டேப் ஒட்டி "மாட்யூலுக்கு மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு போன பெரியவர் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை.